கருமுட்டை வெளிவரும் நாளை முன்கூட்டியே அறிவது: புதிதாக முயலும் தம்பதியருக்கு

பதினான்காம் நாள்தான் கருத்தரிக்கும் நாள் என்று நம்பி, அந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்து, அது கடந்ததும் இந்த மாதம் போயிற்று என்று விட்டுவிடும் தம்பதியர் இன்றும் ஏராளம். முதல் ஏழு மாதங்கள் நானும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். பின்னர் ஒரு நோட்டில் நாள்தோறும் குறித்துப் பார்த்தபோதுதான், என் உடலில் முட்டை வெளிவருவது பதினேழாம் நாளையொட்டி என்பது தெரிந்தது. அந்த மாதங்களை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. ஆகவே, புதிதாகத் தொடங்கியிருப்பவர்கள் முதல் மாதத்திலிருந்தே சரியாகக் கணிக்க வேண்டும் என்ற எண்ணத்தில், செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

எதையும் தொடங்குமுன் ஓர் அடிப்படையை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். சினைப்பையிலிருந்து வெளிவரும் கருமுட்டை 12 முதல் 24 மணி நேரம் வரைதான் கருவுறும் நிலையில் இருக்கும். விந்தணுவோ, கருப்பைவாயில் அதற்கேற்ற ஈரம் இருக்குமானால், ஐந்து நாட்கள் வரைகூட உயிருடன் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களுமாக ஆறு நாட்களே ஒரு சுழற்சியில் கருத்தரிக்க ஏற்றவை என்பது விளங்கும். அமெரிக்காவின் வட கரோலினாவில் 221 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்டு 1995இல் வெளியான ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. முட்டை வெளிவருவதற்கு ஐந்து நாட்களுக்கு முன் சேர்ந்தவர்களுக்குக் கருத்தரிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 10 விழுக்காடாகவும், வெளிவரும் நாளில் சேர்ந்தவர்களுக்கு 33 விழுக்காடாகவும் இருந்தது. அந்த நாள் கடந்தபின் சேர்ந்ததால் கருத்தரித்தவர் அந்த ஆய்வில் எவரும் இல்லை. ஆகவே முட்டை வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வதால் அந்த மாதத்துக்குப் பயன் குறைவு. வரப்போகிறது என்பதை நான்கைந்து நாட்களுக்கு முன்பே உணர வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு வழியையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே எடைபோடுங்கள்: இது எனக்கு முன்கூட்டியே சொல்கிறதா, பின்னால் சொல்கிறதா?

முதல் நாள் எது?

நம் வீடுகளில் தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ தலை முழுகி, அங்கிருந்து பதினான்கு நாள் எண்ணினால், கணக்கு இரண்டு முதல் நான்கு நாட்கள் வரை பின்னால் தள்ளிப்போய்விடும். நமக்கு வேண்டியதோ மொத்தமே ஆறு நாட்கள் என்பதால், இந்தப் பிழையை நான் மிகப் பெரியதாகவே கருதுகிறேன். மருத்துவர் கேட்கும் கடைசி மாதவிடாய்த் தேதியும், இங்கே நாம் சொல்லும் முதல் நாளும், இரத்தப்போக்கு நன்றாகத் தொடங்கிய நாள்தான். அதற்கு முந்தைய நாள் பழுப்பு நிறத்தில் ஒரு துளி பட்டிருந்தால், அதை ஓரத்தில் குறித்துக்கொள்ளலாமே தவிர முதல் நாளாக எண்ண வேண்டாம். அடுத்த மாதவிடாய் தொடங்கும் நாளுக்கு முந்தைய நாளோடு ஒரு சுழற்சி முடிகிறது. கைப்பேசிச் செயலியில் குறித்தாலும், சுவரில் மாட்டிய நாட்காட்டியில் பேனாவால் வட்டமிட்டாலும், தேதி நழுவாமல் இருந்தால் போதும்.

நாட்காட்டிக் கணக்கு

பதினான்கு என்ற எண் வந்த வழி தெரிந்தால், அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதும் தெரியும். ஜப்பானைச் சேர்ந்த கியூசாக்கு ஒகினோவும் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஹெர்மன் க்னாஸும் 1920களில் தனித்தனியே ஆராய்ந்து, முட்டை வெளிவரும் நாளை அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும் என்று கண்டறிந்தார்கள். அடுத்த மாதவிடாய்க்கு 12 முதல் 16 நாட்களுக்கு முன் அது நிகழ்கிறது என்பது ஒகினோவின் கணக்கு. முட்டை வெளிவந்தபின் வரும் பிற்பாதி ஒரு பெண்ணுக்கு மாதத்துக்கு மாதம் பெரிதாக மாறுவதில்லை. நீள்வதும் குறுகுவதும் பெரும்பாலும் முற்பாதிதான். 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு மட்டுமே பின்னோக்கிய பதினான்கும் முன்னோக்கிய பதினான்கும் ஒன்றாக அமைகின்றன. 35 நாள் சுழற்சி உள்ளவருக்கு முட்டை ஏறத்தாழ 21ஆம் நாள் வெளிவரும். 24 நாள் சுழற்சி உள்ளவருக்குப் பத்தாம் நாளிலேயே வந்துவிடும்.

உங்களிடம் ஆறு சுழற்சிகளின் குறிப்பு இருந்தால், ஒரு எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சுழற்சிகளின் நீளம் 29, 31, 27, 30, 33, 28 நாட்கள் என்று வைத்துக்கொள்வோம். இவற்றுள் குறைந்ததான 27இலிருந்து 18ஐக் கழித்தால் 9. கூடியதான 33இலிருந்து 11ஐக் கழித்தால் 22. ஆகவே ஒன்பதாம் நாள் முதல் இருபத்திரண்டாம் நாள் வரை எப்போது வேண்டுமானாலும் ஏற்ற நாட்கள் அமையலாம். பதினான்கு நாட்கள் என்பது அகலமான வலைதான்; ஆயினும் எந்த நாளிலிருந்து உடலைக் கவனிக்கத் தொடங்க வேண்டும் என்பதை அது காட்டிவிடுகிறது. நாட்காட்டியிடம் இதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். செயலிகளில் பலவும் முந்தைய தேதிகளைக் கொண்டே அடுத்ததை ஊகிக்கின்றன என்பதால், திரையில் வண்ணமிட்டுக் காட்டும் அந்த ஒரு நாளை உறுதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காய்ச்சல், நீண்ட பயணம், தூக்கமின்மை, மனச்சுமை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றே ஒரு மாதத்தின் முற்பாதியை நீட்டிவிடக்கூடும்.

உடல் காட்டும் ஈரம்

என்னைக் கேட்டால், செலவே இல்லாததும் முன்கூட்டியே சொல்வதுமான வழி இதுதான். கருப்பைவாயில் சுரக்கும் சளி போன்ற திரவத்தை நாள்தோறும் கவனிக்கும் இந்த முறையை, ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஜான் பில்லிங்ஸ், ஈவ்லின் பில்லிங்ஸ் என்ற மருத்துவத் தம்பதியர் ஒழுங்குபடுத்தி உலகெங்கும் கற்பித்தார்கள்.

மாதவிடாய் நின்றபின் சில நாட்கள் வறட்சியாக இருக்கும். அடுத்து, பிசுபிசுப்பாகவோ தயிரேடு போல வெண்மையாகவோ சிறிதளவு தென்படும். சினைப்பையில் முட்டையைத் தாங்கிய சிறு பையான முட்டைப்பை வளர வளர ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் கூடுவதால், இந்தத் திரவம் நீர்த்து, பெருகி, கண்ணாடி போலத் தெளிந்து, கோழிமுட்டையின் வெள்ளைக்கரு போல வழுவழுப்பாகிவிடும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே எடுத்து மெல்ல விரித்தால், அறுபடாமல் இரண்டு மூன்று அங்குலம் நூலாக நீளும். விந்தணு நீந்திச் செல்லவும் உயிர்வாழவும் ஏற்றது இந்த ஈரம்தான். இப்படி வழுவழுப்பாக இருக்கும் கடைசி நாளையொட்டியே பெரும்பாலும் முட்டை வெளிவரும். அதன்பின் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் சுரப்பதால் ஒரே நாளில்கூட எல்லாம் தடித்து வறண்டுபோகும். கடைசி நாள் எது என்பது மறுநாள்தான் தெரியும் என்றாலும், ஈரம் தொடங்கும் நாள் அன்றைக்கே தெரிந்துவிடுகிறது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

பார்க்கும் முறையில் ஒரு நுணுக்கம் உண்டு. கழிப்பறையில் தண்ணீரால் கழுவுவது நம் வழக்கம் என்பதால், கழுவுவதற்கு முன்பே, சுத்தமான விரலாலோ மெல்லிய காகிதத்தாலோ துடைத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் பட்டுவிட்டால் வழுவழுப்பு தெரியாது. விரலை உள்ளே நுழைக்கத் தேவையில்லை. துடைக்கும்போது வழுக்குகிறதா, உரசுகிறதா என்ற உணர்வே பாதிக் கதையைச் சொல்லிவிடும். பகலில் இரண்டு மூன்று முறை கவனித்து, அன்றைக்குக் கண்டதிலேயே அதிக ஈரமானதை இரவில் ‘வறட்சி’, ‘பிசுபிசுப்பு’, ‘ஈரம்’, ‘வழுவழுப்பு’ என்ற நான்கு சொற்களில் ஒன்றாகக் குறித்து வையுங்கள். முந்தைய இரவு சேர்ந்திருந்தால், மறுநாள் காலையில் காணும் ஈரம் விந்தின் மிச்சமாகவும் இருக்கலாம். அன்றைக்கு மட்டும் மதியத்துக்கு மேல் பார்த்துக் குறிக்கலாம்.

இந்த இடத்தில் ஒரு தவறான அச்சத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நடுமாதத்தில் இப்படி வருவதை ‘வெள்ளைப்படுதல்’ என்றும் ‘உடல் சூடு’ என்றும் நினைத்து, கருத்தரிக்க மிகவும் ஏற்ற அந்த நாட்களிலேயே கணவரை விலக்கி வைத்து, மருந்து தேடும் பெண்கள் இருக்கிறார்கள். நிறமின்றி, கெட்ட வாடையின்றி, அரிப்பின்றி, சில நாட்களில் தானாக மறையும் ஈரம் நோயன்று. உடல் நலமாக இயங்குவதன் அடையாளம். திரிந்த பால் போலக் கட்டியாக வந்து அரித்தாலோ, மஞ்சளாகவோ பச்சையாகவோ வாடையுடன் வந்தாலோதான் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சளிக்கும் ஒவ்வாமைக்கும் உண்ணும் சில மாத்திரைகளும், முட்டை வளர்ச்சிக்காகத் தரப்படும் குளோமிஃபீன் மாத்திரையும் இந்த ஈரத்தைக் குறைத்துவிடக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மருந்துக் கடையில் கிடைக்கும் பட்டை

முட்டை வெளிவருமுன் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எல்எச் என்னும் ஹார்மோன் திடீரென உயரும். அந்த உயர்வு தொடங்கி ஏறத்தாழ 36 மணி நேரத்தில் முட்டை வெளிவரும். சிறுநீரில் இந்த ஹார்மோனைக் காட்டும் பட்டையை மருந்துக் கடையில் ‘ஓவுலேஷன் கிட்’ என்று கேட்டு வாங்கலாம். கருத்தரிப்புச் சோதனைப் பட்டையும் பார்வைக்கு இதே போலத்தான் இருக்கும் என்பதால், கடைக்காரர் கொடுத்ததும் உறையைப் படித்துப் பார்த்துவிடுங்கள்.

உங்கள் குறைந்த சுழற்சியின் நீளத்திலிருந்து 17ஐக் கழித்து வரும் நாளில் சோதனையைத் தொடங்கலாம். மேலே சொன்ன உதாரணத்தில் அது பத்தாம் நாள். ஹார்மோன் பெரும்பாலும் விடியற்காலையில் உயரத் தொடங்கி, சிறுநீரில் தென்படச் சில மணி நேரம் ஆகும் என்பதால், காலை முதல் சிறுநீரைவிட நண்பகலுக்குப் பின் எடுப்பது நல்லது. அதற்கு முன் இரண்டு மணி நேரம் தண்ணீரை அளவோடு குடித்து, நாள்தோறும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் செய்யுங்கள். உலர்ந்த கிண்ணத்தில் சிறுநீரைப் பிடித்து, பட்டையில் கோடிட்ட எல்லை வரை மட்டும் நனைத்து, சமமான இடத்தில் வைத்து, உறையில் குறித்துள்ள நிமிடங்களுக்குள் பார்த்துவிட வேண்டும். நேரம் கடந்தபின் கருக்கும் கோட்டை நம்பக் கூடாது.

புதியவர்கள் அதிகம் தவறுவது கோட்டைப் படிப்பதில்தான். கருத்தரிப்புச் சோதனையில் இரண்டாம் கோடு மங்கலாகத் தெரிந்தாலே அது பொருளுடையது. இங்கே அப்படியில்லை, எல்எச் சிறிதளவு எப்போதும் உடலில் இருப்பதால் மங்கலான கோடு பல நாட்கள் வரும். சோதனைக் கோடு ஒப்பீட்டுக் கோட்டுக்குச் சமமாகவோ அதைவிட அடர்த்தியாகவோ இருந்தால் மட்டுமே ஹார்மோன் உயர்ந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். கோடு அடர்ந்துகொண்டே வருகிறது என்று தோன்றும் நாட்களில், காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகச் செய்தால் குறுகிய உயர்வும் நழுவாது.

சினைப்பை நீர்க்கட்டி எனப்படும் பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு எல்எச் இயல்பாகவே கூடுதலாக இருக்கக்கூடும் என்பதால், முட்டை வெளிவராமலேயே பட்டை பலமுறை அடர்ந்த கோட்டைக் காட்டி ஏமாற்றிவிடும். அவர்கள் பட்டையை மட்டும் நம்பிப் பணத்தையும் மன அமைதியையும் இழக்க வேண்டாம்; ஈரத்தோடும் வெப்பநிலையோடும் சேர்த்துப் பாருங்கள், அல்லது ஸ்கேன் வழியே உறுதிசெய்துகொள்ளுங்கள். முட்டை வெடிக்கப் போடும் எச்சிஜி ஊசியும் இந்தப் பட்டையின் முடிவைக் குழப்பும்.

காலை வெப்பநிலை

முட்டை வெளிவந்தபின் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் உடல் வெப்பத்தை 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை உயர்த்தும். தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் காட்டும் டிஜிட்டல் வெப்பமானியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, விழித்ததும், எழுந்து வாசல் தெளிக்கவோ அடுப்பைப் பற்றவைக்கவோ போகுமுன், படுத்தபடியே நாவின் அடியில் வைத்து அளக்க வேண்டும். ஃபாரன்ஹீட்டில் ஆறு நாட்கள் 97.1 முதல் 97.4 வரை ஊசலாடி, பிறகு தொடர்ந்து மூன்று நாட்கள் 97.8, 97.9, 97.8 என்று நின்றால், முட்டை வெளிவந்துவிட்டது எனலாம். வந்துவிட்டது என்பதைத்தான் இது சொல்லும். அந்த மாதத்துக்கு அது பிந்திய செய்தி. ஆயினும் இரண்டு மூன்று மாதங்கள் தொடர்ந்து அளந்தால், முட்டை வெளிவருகிறதா, உங்கள் பிற்பாதி எத்தனை நாள் என்ற இரண்டும் தெரிந்துவிடும். இரவுப் பணி செய்பவர்களுக்கும் விட்டுவிட்டுத் தூங்குபவர்களுக்கும் இந்த அளவு நிலையாக வராது. அவர்கள் இதைத் தவிர்த்துவிடலாம்.

நடுமாதத்தில் அடிவயிற்றின் ஒரு பக்கம் லேசாக வலிப்பதும், மார்பு கனப்பதும் சிலருக்கு உண்டு. வந்தால் குறித்துக்கொள்ளுங்கள், வராவிட்டால் குறையேதும் இல்லை.

எந்த நாட்களில் சேர்வது?

ஈரம் தென்படத் தொடங்கிய நாளிலிருந்து, வழுவழுப்பு மறைந்து வறட்சி திரும்பும் வரை, நாள்தோறுமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ சேர்வது போதுமானது. முட்டை வெளிவருவதற்கு முந்தைய இரண்டு நாட்களே மிகச் சிறந்தவை. பட்டை அடர்ந்த கோட்டைக் காட்டினால் அன்றும் மறுநாளும் தவறவிடாதீர்கள். விந்தணு சேரட்டும் என்று பத்துப் பதினைந்து நாட்கள் விலகியிருப்பது உதவாது. நீண்ட இடைவெளிக்குப் பின் விந்தணுக்களின் இயக்கம் குறையவே செய்யும். சேர்ந்தபின் சிறிது திரவம் வெளியே வழிவது எல்லோருக்கும் இயல்பு. அதைப் பார்த்து எல்லாம் வீணாகிவிட்டது என்று அழுத பெண்ணை நான் அறிவேன்; விந்தணுக்கள் சில நிமிடங்களிலேயே கருப்பைவாயைக் கடந்துவிடும் என்று சொன்னபின்தான் அவர் தேறினார். காலை உயர்த்திப் படுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வழுக்குக்காக எச்சிலோ கடைகளில் கிடைக்கும் சாதாரண ஜெல்லோ பயன்படுத்தினால் விந்தணுக்களின் இயக்கம் குறையலாம் என்பதால், இந்த நாட்களில் அவற்றைத் தவிருங்கள்.

வெளியூரில் வேலை பார்த்து, பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை இரவுப் பேருந்தில் ஊருக்கு வரும் கணவர்களின் வீடுகளில்தான் இந்தக் கணிப்பு மிகவும் தேவைப்படுகிறது. என் சித்தி மகள் முதலில் பட்டையில் கோடு அடர்ந்தபின் கணவருக்குத் தொலைபேசியில் சொல்வாள். அவர் விடுப்புக் கேட்டு, டிக்கெட் எடுத்து வந்து சேர ஒன்றரை நாள் ஆகும். அதற்குள் முட்டையின் நேரம் ஏறத்தாழ முடிந்திருக்கும். ஈரம் தென்பட்ட முதல் நாளே சொல்லிவிடும்படி மாற்றியபின், அவர் வந்து இரண்டு நாள் கழித்துத்தான் பட்டை கோட்டைக் காட்டியது. வரவேண்டிய வரிசை அதுதான். ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு இவ்வளவு துல்லியம் தேவையில்லை. மாதம் முழுவதும் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை இயல்பாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு எந்தப் பட்டையும் இல்லாமலேயே ஏற்ற நாட்கள் அமைந்துவிடும். குறித்துவைப்பது இருவருக்கும் இடையே பரீட்சை போல ஆகிவிட்டால், ஒரு மாதம் நோட்டை மூடிவைப்பதில் தவறில்லை.

மருத்துவரிடம் எப்போது செல்வது?

முயலத் தொடங்குமுன்பே ஃபோலிக் அமிலம் நாளுக்கு 400 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ளத் தொடங்குவது நல்லது. குழந்தையின் முதுகுத்தண்டு சார்ந்த குறைபாடுகளைத் தடுக்க அது உதவுகிறது. நீரிழிவோ வலிப்பு நோயோ உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவுசெய்ய வேண்டும்.

35 வயதுக்கு உட்பட்ட பெண்ணானால் ஓராண்டு முயன்ற பிறகும், 35க்கு மேற்பட்டவரானால் ஆறு மாதம் முயன்ற பிறகும், 40ஐக் கடந்தவரானால் தாமதமின்றியும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சுழற்சி 21 நாட்களுக்குக் குறைவாகவோ 35 நாட்களுக்கு மேலாகவோ வருபவர்களும், தாங்க முடியாத மாதவிடாய் வலி உள்ளவர்களும், தைராய்டு குறையோ முன்பு இடுப்புப் பகுதியில் காசநோயோ இருந்தவர்களும் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம். கணவனும் மனைவியும் சேர்ந்தே செல்லுங்கள். விந்துப் பரிசோதனை எளிது, செலவும் குறைவு. இரண்டு முதல் ஏழு நாட்கள் இடைவெளி விட்டுக் கொடுத்தால் போதும். அதைச் செய்யாமல் பெண்ணை மட்டும் மாதக்கணக்கில் ஊசிக்கும் ஸ்கேனுக்கும் அலைய விடுவது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

மருத்துவமனையில் ‘ஃபாலிகுலர் ஸ்டடி’ என்று சொல்வது, ஒன்பதாம் பத்தாம் நாளிலிருந்து சில முறை ஸ்கேன் எடுத்து, முட்டைப்பை வளர்வதைப் பார்ப்பதுதான். அது நாளுக்கு இரண்டு மில்லிமீட்டர் அளவில் வளர்ந்து, 18 முதல் 24 மில்லிமீட்டரை எட்டியபின் வெடிக்கும். ‘21ஆம் நாள் புரோஜெஸ்டிரோன்’ என்ற இரத்தப் பரிசோதனையும் எழுதித் தருவார்கள். அந்த 21 என்பது 28 நாள் சுழற்சிக்கு உரியது. உங்கள் சுழற்சி 35 நாளானால் 28ஆம் நாளில் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால், நன்றாக முட்டை வெளிவரும் பெண்ணுக்கும் வெளிவரவில்லை என்ற முடிவு வந்துவிடும். உங்கள் நோட்டை உடன் எடுத்துச் சென்று சுழற்சியின் நீளத்தை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

நாள் தள்ளிப்போனால்

கருவுற்ற முட்டை கருப்பையில் பதிய ஏழு முதல் பத்து நாட்கள் வரை ஆகும் என்பதால், அதற்கு முன் கருத்தரிப்புச் சோதனை செய்து, ஒற்றைக் கோட்டைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். முட்டை வெளிவந்து 14 நாட்கள் கடந்தபின், அல்லது மாதவிடாய் தள்ளிப்போனபின், காலை முதல் சிறுநீரில் சோதியுங்கள். வெப்பநிலை குறித்துவந்தவர்களுக்கு அது 18 நாட்களுக்கு மேல் உயர்ந்தே இருந்தால், கரு உண்டாகியிருக்க வாய்ப்பு மிகுதி. ஒற்றைக் கோடே வந்து, மாதவிடாயும் வராவிட்டால், மூன்று நாட்கள் கழித்து மீண்டும் ஒருமுறை பாருங்கள். மாதவிடாய் வந்துவிட்டால், முடிந்த சுழற்சி எத்தனை நாள், ஈரம் எந்த நாளில் தொடங்கியது, பட்டை எந்த நாளில் அடர்ந்தது என்ற மூன்றையும் அந்தப் பக்கத்தின் அடியில் எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தில் அன்றைய தேதியை முதல் நாளாகக் குறியுங்கள்.